வாசலுக்குக் கீழே கிடந்த சாடி

நான் வேலை செய்த வீட்டு அம்மாவான சிஞ்ஞோராவுக்கு வயதாகி அறளை பெயர்ந்துவிட்டது என்று டொக்டரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால், எனக்கு வேறு வேலையும், கொந்த்ராத்தோ என்கிற புது வேலை ஒப்பந்தமும் அந்த மாதமே கையில் கிடைத்திருக்கும். சொல்லச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. பல்கலைக்கழகத்தில் பெரிய கதிரையில் இருந்தவர். வேதாகமத் தொல்லியலில் பெயர் போனவர். சிஞ்ஞோராவின் சொந்தத் தமையனின் மகன். இத்தனை வருடம் கழித்தும் அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. அவரை 'அவன்' என்று எழுதத்தான் கை போகிறது. பள்ளிக்கூட மலரில் வருவதால் 'மருமகனார்' என்று மரியாதையாகவே எழுதுகிறேன்.

எங்கள் தமிழ்ப் பள்ளி மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தாருங்கள் என்று பிள்ளைகள் வந்து கேட்டார்கள். தரை துடைப்பது எப்படி, சேட்டுக் கொலரை இஸ்திரி போடுவது எப்படி என்றெல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை. அதெல்லாம் ஒரு கிழமையில் வந்துவிடும். நான் எழுதப்போவது ஒரு தேத்தண்ணியைப் பற்றி.

முதல் நாள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் தபாற்கந்தோரில் கிளாக்காக இருந்த நான், இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து ஒரேத்தோப் பக்கம் ஒரு வீட்டில் சமையல், துப்புரவு எல்லாம் பழகியிருந்தேன். அந்தக் குடும்பம் வடக்கே இடம் மாறிப் போய்விட, வேலையில்லாமல் நின்றேன். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் பெர்மெஸ்ஸோ என்கிற என் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். பெர்மெஸ்ஸோவுக்குக் கொந்த்ராத்தோ வேண்டும். அதற்கு என்னை வேலைக்கு வைக்க ஒரு வீடு வேண்டும்.

மன்னார்ப் பிலோமினா அக்காதான் வீடு பிடித்துத் தந்தார். அவர் மருமகனார் வீட்டில் சமையல் வேலை செய்தவர்.

"கிழவி தனிய இருக்கிறா, தம்பி. பெரிய படிப்புப் படிச்ச மனுசி. கொஞ்சம் வாய் நீளம். உனக்கும் அப்பிடித்தானே, ஒத்துப்போகும்," என்றார்.

நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில், பலாஸ்ஸோ என்கிற பழைய மாளிகை ஒன்றின் மேல் மாடி. பக்கத்து வீட்டுக்கு உலக யுத்த காலத்துக் குண்டு விழுந்ததிலிருந்து கூரை இல்லை. சிஞ்ஞோராவின் வீட்டுக்குக் கூரை இருந்தது, ஆனால் நடக்க இடமில்லை. கதவைத் திறந்தால் விறாந்தையின் இரண்டு பக்கமும் தோடம்பழப் பெட்டிகள், முகடு முட்ட அடுக்கியிருந்தன. பெட்டி நிறைய உடைந்த பானை ஓடுகள். குசினியிலும் அதுதான். கட்டிலுக்குக் கீழேயும் அதுதான்.

எங்கள் ஊரில் ஒரு சட்டி வெடித்தாலே வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். சுடலையில் கொள்ளிக்குடம் உடைத்தால் திரும்பியும் பாராமல் வரவேண்டும். இங்கே ஒரு மனுசி ஓட்டுக்கு நடுவில் கட்டில் போட்டுப் படுக்கிறார். எனக்கு மேல் கூசியது. வந்த முதல் நாளே நல்ல பெயர் எடுப்போம் என்று நினைத்து ஒரு பெட்டியைத் தூக்கினேன்.

"சிஞ்ஞோரா, இதுகளைக் கீழை குப்பைத் தொட்டியிலை போட்டிட்டு வரட்டோ?"

"வை கீழை!"

அந்தச் சின்ன உடம்புக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அதிலை ஒரு துண்டு குறைஞ்சால் நீர் படியாலை இறங்க மாட்டீர். பல்கணியாலைதான் இறங்குவீர்."

நாங்கள் கதைத்ததெல்லாம் இத்தாலியனில்தான். எனக்கு அது எங்கள் பேச்சாகத்தான் நினைவில் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

ஏன் ஓடுகளைக் கண்டு முகம் சுளித்தாய் என்று கேட்டார். கொள்ளிக்குடம் பற்றிச் சொன்னேன். கோபித்துக் கொண்டிருந்த மனுசி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். குடத்தில் எத்தனை ஓட்டை போடுவார்கள், உடைத்த பிறகு அந்த இடத்தைக் கூட்டுவார்களா, ஓடுகள் விழுந்த இடத்திலேயே கிடக்குமா என்று துருவித் துருவிக் கேட்டார்.

"கூட்டுறேல்லை, சிஞ்ஞோரா. அப்பிடியே கிடக்கும்."

"நல்ல சனம்," என்றார். "நாளைக்குக் காலமை வாரும்."

எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான்.

மேசைச் சட்டம்

ஊரில் எல்லோரும் அவரைப் புரொபெசோரெஸா, பேராசிரியை, என்று அழைத்தார்கள். அவர் இளம் வயதிலேயே பாலஸ்தீனத்தில் ஒரு மேட்டைத் தோண்டத் தொடங்கியவர். அந்தக் காலத்தில் வேதாகமத்து இடங்களைத் தோண்டியவர்கள் ஒரு கையில் வேதப்புத்தகத்தையும் மறு கையில் மண்வெட்டியையும் வைத்துக்கொண்டு மதில் தேடினார்களாம், சிங்காசனம் தேடினார்களாம். பானை ஓடு வந்தால் கூடையோடு பள்ளத்தில் கொட்டிவிடுவார்களாம். குருமாரும் பட்டாளத்து ஒபிசர்மாரும் மட்டுமே செய்த வேலைக்குள் இந்த மனுசி போய், ஓடுகளைக் கொட்டாதே என்று நின்றிருக்கிறார்.

"ராசாமார் கல்லிலை பொய் எழுதி வைப்பினம், கணேஸ். கறிச்சட்டியிலை ஆரும் பொய் எழுதிறேல்லை."

அவர் சொன்னது எனக்கு இப்படித்தான் விளங்கியது. பாய்க்கு மேல் பாய் விரித்தது போல மண் படை படையாகக் கிடக்கும். மேல் பாய் பிந்தியது, கீழ்ப் பாய் முந்தியது. ஒவ்வொரு காலத்துச் சனமும் ஒவ்வொரு விதமாகச் சட்டி வனைந்திருக்கும். எந்தப் படையில் எந்தச் சட்டி கிடக்கிறது என்று பார்த்தால் அந்தப் படையின் காலம் தெரியும். இன்றைக்கு இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அன்றைக்கு இவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

அவருடைய பெரிய வேலை அந்த மேசை என்றுதான் நான் சொல்வேன். பின்னேரமானால் அன்றைக்கு வந்த ஓடுகளைக் கழுவி ஒரு நீள மேசையில் கொட்டுவார்கள். மாணவர், மண் வெட்டியவர், கூடை சுமந்தவர், மேஸ்திரி யூசுப், எல்லோரும் சுற்றி உட்கார வேண்டும். ஒவ்வொரு ஓட்டுத் துண்டைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லலாம். முன்பு சொன்னது பிழை என்று ஒருவருக்குத் தோன்றினால், அந்த ஓட்டை மேசை நடுவில் வைத்து, எல்லோரும் கேட்க, 'நான் பிழை விட்டேன்' என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு முதல் தேத்தண்ணி அவருக்குத்தான். மற்றவர்கள் எழும்பி ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

கூடை சுமந்தவர் பிழை சொன்னாலும் தோண்டலை நடத்தும் டிரெக்டரே எழும்பித் தேத்தண்ணி ஊற்றுவாராம். இந்த ஒரு சட்டத்துக்காகவே எத்தனையோ நாட்டிலிருந்து பிள்ளைகள் அவரிடம் படிக்க வந்தார்களாம். பிறகு தாங்கள் தோண்டிய இடங்களிலும் அந்த மேசையைப் போட்டார்களாம்.

உலகத்துக்குத் தெரிந்தது இது இல்லை. உலகத்துக்குத் தெரிந்தது வாசல். அந்த மேட்டில் அவர் ஒரு பெரிய கல் வாசலைக் கண்டுபிடித்து, இது சாலமோன் ராசா கட்டியது என்று எழுதினார். யாத்திரை பஸ்கள் அங்கே போகத் தொடங்கின. பங்குக் கோயில் கலண்டரில் வந்த அந்த வாசல் படத்தைப் பிலோமினா அக்கா வெட்டி எடுத்துக் கண்ணாடி போட்டு அறையில் மாட்டியிருந்தார். பங்குச் சனத்தோடு அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

சரி, என் வேலைக்கு வருகிறேன். சமையலும் துப்புரவும் என்று சொல்லிச் சேர்ந்தவனிடம் வாளியையும் மெல்லிய பிரஷையும் நீட்டினார்.

"நான் வீட்டு வேலைக்கு வந்தனான் சிஞ்ஞோரா. உடைஞ்ச சட்டி கழுவ வரேல்லை."

"இது வீட்டிலை இருக்கிற சட்டிதானே? கழுவும்."

கழுவினேன். ஒவ்வொரு ஓட்டிலும் எந்த இடம், எந்தப் படை என்று மையால் எழுதியிருக்கும். அதை உரசக்கூடாது. பழைய படுக்கை விரிப்பில் பரவிப் பல்கணியில் காயவிட வேண்டும். காய்ந்து வரும் நேரம் பார்த்து ஷிரோக்கோக் காற்று ஆபிரிக்காவிலிருந்து புழுதியைக் கொண்டு வந்து கொட்டும். திரும்பவும் கழுவ வேண்டும். நான் வாய்க்குள் திட்டிக்கொண்டே கழுவுவேன். அவர் பாதி நாள் என்னை யூசுப் என்று கூப்பிடுவார்.

"நான் கணேஸ்."

"ஓம், ஓம். அந்தப் பெட்டியை எடும், யூசுப்."

ஓடுகளோடும் கதைப்பார். நீ எங்கேயிருந்து வந்தாய், உன் மற்றப் பாதி எங்கே என்று கேட்பார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அதையே ஒருவர் ஆயுதமாக எடுப்பார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சாடி

அந்த மாரியில் அவர் வாசல் பெட்டிகளைத் திறந்தார். வாசலின் கல் பாவிய தரைக்குக் கீழேயிருந்து எடுத்த ஓடுகள். மணல் தட்டில் குத்தி வைத்து, பசை பூசி, ஒன்றோடொன்று பொருத்தினார். நாள் கணக்காக அதே வேலை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். மேசையில் ஒரு சாடி நின்றது. கழுத்தும் வாயும் ஒரு தோளும். அவர் அதைப் பார்த்தபடி இருந்தார்.

"தேத்தண்ணி போடட்டோ, சிஞ்ஞோரா?"

"வேண்டாம், கணேஸ்."

யூசுப் என்று சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அவர் சொன்ன கதை இதுதான். தோண்டிய காலத்திலேயே இந்தச் சாடியின் ஒரு துண்டை அவர் கண்டிருக்கிறார். அது சாலமோன் காலத்துக்கு மிகவும் பிந்திய சட்டி வகை. பிந்திய சட்டி தரைக்குக் கீழே கிடந்தால், அதற்கு மேல் போட்ட தரையும் பிந்தியதாகத்தான் இருக்க வேண்டும். வாசலும் அப்படித்தான். சாலமோனுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"எலி எண்டு சொன்னனான். எலி வளை தோண்டி மேலையிருந்து ஒரு துண்டைக் கீழை இழுத்துப்போட்டுது எண்டு. அப்பிடி நடக்கிறதுதான். பேப்பர்க்காரர் வாசல்லை நிண்டினம். காசு தந்த குருமார் நிண்டினம். எனக்கும் வாசல் வேணும் போலை இருந்தது. மிச்சப் பெட்டியளைத் திறக்கவேயில்லை."

சாடியைச் சுட்டிக் காட்டினார்.

"எலி ஒரு துண்டை இழுக்கும். ஒரு முழுச் சாடியை இழுக்குமோ?"

நான் என்ன பெரிய ஆளா? எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "விடுங்கோ, சிஞ்ஞோரா. நாப்பது வருசமாச் சனம் போய்க் கும்பிடுது. இப்ப ஏன் கிளறுவான்?"

"கும்பிடட்டும். கடவுளைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. வாசலைப் பற்றிச் சொன்னனான். சொன்ன வாய் என்ரை. நான்தான் திருப்பி எடுக்கவேணும்."

"அதுக்கேன் தேத்தண்ணி வேண்டாம் எண்டுறியள்?"

"சொன்ன பிறகுதானே தேத்தண்ணி, இன்னும் சொல்லேல்லையே. மேசையிலை ஒருத்தரும் இல்லை."

அன்றோடு அந்த வீட்டில் தேத்தண்ணி நின்றது. தேத்தண்ணி இல்லாமல் காலமையில் கண் திறக்காத மனுசி வெந்நீர் குடித்தார். நான் எனக்குப் போட்டுக் குடித்தால் வாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார்.

மருமகனார்

மருமகனார் ஞாயிற்றுக்கிழமைகளில் இனிப்புப் பெட்டியோடு வருவார். சிஞ்ஞோரா தூக்கி வளர்த்த பிள்ளை. சின்ன வயதில் அந்த மேட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவர். அத்தையின் கதிரையில்தான் இப்போது அவர் இருந்தார். அவருடைய புத்தகங்கள் அந்த வாசலைப் பற்றித்தான். அவர் நடத்திய ஆராய்ச்சி நிலையத்தின் முத்திரையிலும் அந்த வாசல்தான்.

சாடியைக் காட்டி விசயத்தைச் சொன்னார் சிஞ்ஞோரா. இளவேனிலில் அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு வியா மக்வேதா வீதியில் ஒரு மண்டபத்தில் விழா வைப்பதாக ஏற்பாடு. பல நாட்டிலிருந்து பழைய மாணவர்கள் வர இருந்தார்கள்.

"அங்கை சொல்லப்போறன்," என்றார்.

"களைச்சுப் போனீங்கள், அத்தை," என்றார் மருமகனார். சாடியை ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்திருக்கலாம். அதைத் தொடவேயில்லை! வாழ்க்கை முழுவதும் ஓடு பார்த்துச் சம்பளம் வாங்கிய மனிதர், கண் முன்னால் நின்ற சாடியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போகும்போது படிக்கட்டில் என்னைப் பிடித்தார்.

"உம்மடை பெர்மெஸ்ஸோ எப்ப முடியுது?"

எங்கள் ஆட்களிடம் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அது மிரட்டல்தான். கேட்பவருக்கும் அது தெரியும்.

"கோடை வருமுன்னம் முடியுது, புரொபெசோரே."

"ஒரு டொக்டர் வருவார். நாள் முழுக்கக் கூட இருக்கிறது நீர்தான். பொய் சொல்லத் தேவையில்லை. உம்மை வேறை பேராலை கூப்பிடுறா. ஓட்டோடை கதைக்கிறா. தனக்குத் தேத்தண்ணி குடிக்க உரிமை இல்லையெண்டு சொல்லுறா. இதெல்லாம் உண்மைதானே? அதைச் சொன்னால் காணும். கோர்ட் உத்தரவு எடுத்து நான் அவவைப் பாரம் எடுப்பன். உமக்கு என்ரை சிநேகிதர் வீட்டிலை வேலை, கொந்த்ராத்தோ எல்லாம் நான் பாத்துத் தாறன்."

பொய் சொல்லச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். உண்மைகளைப் பொறுக்கி எடுத்து, அவற்றால் ஒரு மனுசியின் வாயைக் கட்டப் பார்த்தார். அந்தத் தேத்தண்ணிச் சட்டம் என்னவென்று அவருக்குத் தெரியாதா? அவரே சின்ன வயதில் அந்த மேசையில் இருந்து குடித்தவர். தெரிந்துகொண்டு, அதையே நோய் வருத்தத்தின் அறிகுறி என்று டொக்டரிடம் விற்கப் பார்த்தார். படித்த மனிதர்!

பிலோமினா அக்காவிடம் போய்க் கொட்டினேன். அவர் என் பக்கம் பேசவில்லை.

"அது சாலமோன் ராசான்ரை வாசல் இல்லையெண்டால் பிறகு எதை நம்புறது? கிழவிக்கு அறளை பேர்ந்திட்டுது, தம்பி. டொக்டரிட்டை சொல்லிப்போட்டுப் பெஞ்சாதி பிள்ளையைக் கூப்பிடுற வழியைப் பார்."

சுவரில் அந்த வாசல் படம் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிலோமினா அக்காவோடு எனக்குச் சண்டை. ஆனால் அவர் சொன்னதில் கடைசிப் பாதி என் தலைக்குள்ளும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டொக்டர்

டொக்டர் வயதான மனிதர், அவசரப்படாதவர். குசினியில் என்னை உட்காரவைத்துக் கேட்டார். மருமகனார் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"மறக்கிறாவோ?"

"ஓம், டொக்டர். கண்ணாடியை மறப்பா. சாப்பிட்டதை மறப்பா. என்ரை பேரை மறந்து யூசுப் எண்டு கூப்பிடுவா."

மருமகனார் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்கு ஏறிவிட்டது. சந்தையில் விலை படிந்ததும் ஆட்டுவார்களே, அப்படி ஒரு தலையாட்டல்.

"ஆனால் டொக்டர், நாப்பது வருசத்துக்கு முன்னம் தான் விட்ட பிழையை அவ மறக்கேல்லை. அதைச் சொல்லவேணும் எண்டு நிக்கிறா. சொல்லும் மட்டும் தேத்தண்ணி குடிக்கிறேல்லை எண்டு இருக்கிறா. ஏனெண்டு இந்தப் புரொபெசோரேயைக் கேளுங்கோ. அவருக்கு நல்லாத் தெரியும்."

என் இத்தாலியன் அப்படி ஒன்றும் திறமில்லை. ஆனால் கோபம் வந்தால் தடக்குவதில்லை.

டொக்டர் திரும்பிப் பார்த்தார். மருமகனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டொக்டர் எழும்பிச் சிஞ்ஞோராவிடம் போனார். மனுசி மேசைச் சட்டத்தை முழுவதும் சொன்னார். டொக்டர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் பையை மூடினார்.

"ஆஸ்பத்திரியிலையும் இப்பிடி ஒரு மேசை இருந்திருந்தால் நல்லா இருந்திருக்கும், புரொபெசோரெஸா," என்றார். வாசலில் மருமகனாரிடம், "இது வருத்தம் இல்லை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மருமகனார் என்னைப் பார்த்த பார்வையில் என் பெர்மெஸ்ஸோ கரைந்து போவது தெரிந்தது. அன்றிரவு கொழும்புக்கு டெலிபோன் எடுத்தேன். மனைவியிடம் நல்லாயிருக்கிறன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

விழா

விழாவுக்கு முதல் நாள் நிலையத்திலிருந்து ஆட்கள் வந்து, கண்காட்சிக்கு என்று சொல்லி வாசல் பெட்டிகளை எடுத்துப் போனார்கள். சாடியைத் தேடினார்கள். அது என் மரக்கறிப் பைக்குள், கத்தரிக்காய்க்குக் கீழே இருந்தது. அதை அங்கே வைத்தது சிஞ்ஞோரா. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

"நாளைக்குப் பெரிய பிளாஸ்க்கிலை தேத்தண்ணி போடும்," என்றார். "கப்புகளும் கொண்டு வாரும். என்ரை பிள்ளையள் எல்லாரும் வருவினம். என்ன செய்யிறதெண்டு அவைக்குத் தெரியும்."

அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் அந்த வாசலின் படம், சுவர் அளவுக்கு. பேச்சு மேல் பேச்சு. வாசல், வாசல், வாசல். ஒருவர்கூட மேசையைப் பற்றிச் சொல்லவில்லை. சிஞ்ஞோராவுக்குப் பேச நேரம் வைக்கவில்லை. மருமகனார் அவர் கழுத்தில் பதக்கத்தைப் போட்டுவிட்டு, மைக்கை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். நான் பிளாஸ்க்கையும் கப்புகளையும் மேடைக்குக் கீழே இருந்த மேசையில் வைத்துவிட்டு ஓரத்தில் நின்றேன்.

சிஞ்ஞோரா பொல்லை ஊன்றி மேடையிலிருந்து இறங்கினார். என் பையைக் கேட்டு வாங்கினார். சாடியை எடுத்து மேசை நடுவில் வைத்தார். மைக் இல்லை. நான் வேலைக்கு வந்த முதல் நாள் என்னைப் பல்கணியால் இறக்குவேன் என்று சொன்ன அந்தச் சத்தம் இருந்தது.

"இது வாசல் தரைக்குக் கீழை இருந்த சாடி. ஒரு துண்டைக் கண்டிட்டு எலி கொண்டுவந்தது எண்டு எழுதினனான். அது எலி இல்லை. அந்த வாசல் சாலமோன்ரை இல்லை. நான் பிழை விட்டிட்டன்."

பிறகு மருமகனார் என்ன செய்தார் தெரியுமா? கை தட்டினார்! பலமாக, சிரித்துக்கொண்டு, வயதானவர் ஏதோ உருக்கமாகச் சொல்லிவிட்டது போல. பின்னால் இருந்தவர்கள் சேர்ந்து தட்டினார்கள். முழு மண்டபமும் எழும்பி நின்று தட்டியது. சொன்ன சொல் அந்தச் சத்தத்துக்குள் அமிழ்ந்து போனது. ஒருவரைக் கேவலப்படுத்தக் கூச்சல் போட வேண்டியதில்லை, கை தட்டினாலே போதும் என்று அன்றைக்குக் கண்டேன்.

சத்தம் ஓய்ந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். சிஞ்ஞோரா மட்டும் மேசையடியில் நின்றார். காத்துக்கொண்டு நின்றார்.

முன் வரிசையைப் பார்த்தேன். நரைத்த தலைகள். எல்லோரும் அந்த மேட்டில், அந்த மேசையில், அந்தத் தேத்தண்ணியைக் குடித்தவர்கள். பிளாஸ்க் அவர்களுக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒருவர் சப்பாத்தைப் பார்த்தார். ஒருவர் நிகழ்ச்சித் தாளை மடித்தார். ஒருவரும் எழும்பவில்லை. மருமகனார் அடுத்தவரைப் பேசக் கூப்பிட்டார்.

நான் அவருடைய மாணவன் இல்லை. என்னை யாரும் அந்த மேசையில் உட்காரச் சொன்னதில்லை. ஆனால் அந்த மனுசி தேத்தண்ணி இல்லாமல் ஒரு மாரி முழுக்க இருந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். போய் பிளாஸ்க்கைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு கை வந்து கப்பைப் பிடித்தது. கோப்பி பரிமாற வந்திருந்த பிலோமினா அக்கா, வெள்ளை ஏப்ரனோடு.

"எனக்கு இன்னும் கோவம்தான்," என்றார் மெதுவாக. "அதுக்காக மனுசியைத் தாகத்தோடை நிக்க விடுறதோ? ஊத்தடா."

ஊற்றினேன். சிஞ்ஞோரா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். முழுவதையும் குடித்து முடித்தார்.

"சீனி காணாது, கணேஸ்," என்றார்.

அப்போதுதான் பின் வரிசையிலிருந்து ஒரு வயதான பெண் எழும்பி வந்தார். பழைய மாணவி ஒருவர். பேசிக்கொண்டிருந்தவரைத் தாண்டி நேரே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் கூடையிலை வந்தது?" என்று கேட்டார்.

சிஞ்ஞோராவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவரும் உட்கார்ந்தார். மேடையில் பேச்சு நடந்துகொண்டிருக்க, கீழே இரண்டு கிழவிகள் ஓடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு

அடுத்த நாள் பத்திரிகையில், புரொபெசோரெஸா கண் கலங்க நன்றி கூறினார் என்று போட்டிருந்தார்கள். நிலையத்துச் சஞ்சிகையில் சாடியைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் காலமானபோது, சாலமோனின் வாசலைக் கண்டுபிடித்தவர் என்றுதான் எழுதினார்கள். அவர் எதைத் தன் வாயால் திருப்பி எடுத்தாரோ, அதையே அவர் தலையில் கட்டி அனுப்பினார்கள். பஸ்கள் இன்னும் அங்கே போகின்றன. பிலோமினா அக்காவும் போய் வந்தார். "வாசல் வடிவாத்தான் இருக்கு, ஆர் கட்டினதெண்டு நான் கேக்கேல்லை," என்றார்.

என் பெர்மெஸ்ஸோவைக் கேட்பீர்கள். சிஞ்ஞோராவே பொல்லை ஊன்றிக்கொண்டு குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வரிசையில் என்னோடு வந்து நின்றார். ஜன்னலுக்குள் இருந்தவன் இழுத்தடிக்கப் பார்க்க, அந்தச் சத்தத்தை அங்கேயும் போட்டார். மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். சிஞ்ஞோரா கண் மூடும் வரைக்கும் அந்த வீட்டில்தான் வேலை செய்தேன், ஓடு கழுவினேன், யூசுப்பாகவும் இருந்தேன்.

பிள்ளைகளே, நீங்கள் எங்களைப் போல வீடு துடைக்கப் போவதில்லை. கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போவீர்கள், முன் வரிசையில் உட்காருவீர்கள். ஒரு நாள் யாராவது நாலு பேர் முன்னால் நின்று, நான் பிழை விட்டேன் என்று சொல்லுவார். அப்போது தயவுசெய்து கை தட்டாதீர்கள். எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள். சீனி கொஞ்சம் கூடப் போடுங்கள்.